நான்காம் தரத்துப் பிறைப் பாடம்

போன மாதம் புத்தளத்தில் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை நடந்தது. புதிய பாடத்திட்டம் வருகிறதென்று எல்லாரும் கொஞ்சம் கலங்கிப்போயிருக்கிற காலம். ஓய்வு பெற்ற என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் கதிரை போட்டு உட்கார வைத்தார்கள். சந்திரனைப் பற்றிய பகுதிக்கு ஒரு காணொளி காட்டினார்கள். திரையில் பிறை வளர்ந்து, முழுமதியாகி, தேய்ந்து, அரை நிமிடத்தில் ஒரு மாதம் முடிந்துவிட்டது. நல்ல காணொளிதான். குறை சொல்ல ஒன்றும் அகப்படாததே எனக்கு எரிச்சலாக இருந்தது.

தேநீர் நேரத்தில் ஓர் இளம் ஆசிரியை என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸ், நீங்க எழுதின பழைய ஆசிரியர் வழிகாட்டியில புள்ளைகளை வெளிய போய்ப் பிறையைப் பாக்கச் சொல்லி இருக்கு. அந்தப் பாடத்தை ஒரு வருஷம் நிப்பாட்டியும் வச்சிருந்தாங்களாம். பிறை பாக்கிறதுல அப்படி என்ன பிரச்சினை வந்திச்சு?"

என் வாயில் பற்றீஸ் இருந்தது. கையைக் காட்டிச் சமாளித்தேன். வாய் காலியான பிறகும் சொல்லவில்லை. தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அவள் கேட்டதற்காகத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் புத்தளம் நகரத்தில் பிறந்து, கலியாணம் முடித்து நுரைச்சோலைக்கு வந்தவள். ஊரில் ஸுபைதா டீச்சர் என்றால் தெரியும். பயிற்சிக் கலாசாலையில் எனக்கு நன்றாகக் கற்றுத் தந்தது பிரிஸ்டல் அட்டையை வளையாமல் வெட்டுவது ஒன்றைத்தான். மற்றதெல்லாம் வகுப்பில் பட்டுத் தெரிந்துகொண்டது. என் சேவைக் காலத்தில் பெரும்பகுதி மாம்புரிப் பக்கத்தில் கடலோரமாக இருந்த ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் கழிந்தது. விஞ்ஞானம் என்ற பெயரில் பாடம் ஆறாம் தரத்தில்தான் வரும். அதற்குக் கீழே சுற்றாடல் பாடம் என்போம். பெயர்தான் வேறு. ஏன், எப்படி என்று கேட்கப் பழகுவது அங்கேதான்.

ஒருநாள் நான்காம் தரத்துப் பிள்ளைகளிடம், இன்றைக்குப் பின்னேரம் பிறையைப் பார்த்து அப்படியே வரைந்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பிறையைக் கொண்டுவந்தார்கள். செங்குத்தாக நிற்கிற பிறை, அதன் வயிற்றுக்குள் ஒரு நட்சத்திரம். பள்ளிவாசலின் உருண்டைக் கூரையான குப்பாவின் உச்சியில் நிற்கிற பிறை அது. எங்கள் கடலுக்கு மேலே வருகிற இளம்பிறை அப்படி நிற்காது. முனை இரண்டும் மேலே பார்க்க, தோணி போலப் படுத்துத்தான் கிடக்கும். பிள்ளைகள் பார்க்காமல் வரையவில்லை. கடற்கரையில் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். பார்த்த பிறகும் கை குப்பாவைத்தான் வரைந்தது.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் யாரிடமாவது போய்ச் சொல்லியாக வேண்டும். வலயப் பணிமனையில் ஆரம்பக் கல்விக்குப் பொறுப்பாக இருந்த யோகராசா சேரிடம் போனேன்.

யோகராசா சேர் யுத்த காலத்தில் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து புத்தளத்தில் தங்கிவிட்டவர். குரலை உயர்த்த மாட்டார். நல்லது என்றும் சொல்ல மாட்டார், மோசம் என்றும் சொல்ல மாட்டார். வகுப்புக்கு வந்தால் ஆசிரியரின் கதிரையில் இருக்க மாட்டார். கடைசி வரிசையில் பிள்ளைகளின் சின்னக் கதிரையில், முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்துகொள்வார். நான் பொரிந்து தள்ளியதை எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப அதுக்கு ஒரு பாடம் எழுதுங்கோ" என்றார்.

எழுதிக்கொண்டு போனேன். ஆசிரியர் விளக்குவார், ஆசிரியர் காட்டுவார், ஆசிரியர் கூறுவார் என்று வந்த வரி ஒவ்வொன்றையும் குறுக்கே கீறி வைத்துவிட்டார்.

"டீச்சர், நீங்கள் என்ன விளங்கப்படுத்துவியள் எண்டு எனக்குத் தேவையில்லை. பிள்ளை என்ன செய்யும்? அதை எழுதுங்கோ."

திரும்ப எழுதினேன். திரும்பக் கீறினார். தாமே செய்து பார்க்காத எந்தச் செயற்பாட்டையும் அவர் வழிகாட்டிக்குள் விடமாட்டார். அதற்காக மோட்டார் சைக்கிளில் மாம்புரிக் கடற்கரைக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மணலில் நின்று பிறையைத் தேடினார். மீன் வாங்க வந்த ஆள் என்று நினைத்து ஒருவர் அவரிடம் பாரை மீன் விலை சொன்னார். சேர் பிறை மறையும் வரைக்கும் அசையவில்லை.

கடைசியில் பாடம் இப்படி அமைந்தது. முதலில் பிள்ளை வெளியே போய்ப் பார்க்கும். பார்த்ததும் வரையக் கூடாது. வரைந்தால் கை பழைய படத்துக்கே போய்விடும். வாயால் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். என்ன பார்த்தாய்? எங்கே பார்த்தாய்? முனை எந்தப் பக்கம்? எங்கே என்பதற்குக் கையை நேராக நீட்டி முட்டி பிடித்து, கடலுக்கு மேல் எத்தனை முட்டி உயரம் என்று அளக்க வேண்டும். இவ்வளவும் சொன்ன பிறகுதான் பென்சில்.

அடுத்தது இருட்டறை. எங்கள் பள்ளிக்கூடத்தில் இருட்டறைக்கு எங்கே போக? சாமான் அறையின் யன்னல்களுக்கு உரச்சாக்கைத் தொங்கவிட்டோம். தென்னை மரத்தடியில் விழுந்து கிடக்கும் பிஞ்சுக் குரும்பட்டியைப் பொறுக்கி, சுண்ணாம்பு பூசிக் காயவைத்து, ஈர்க்கில் குத்தி ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுத்தோம். ஒரு மூலையில் டோர்ச் எரியும். அதுதான் சூரியன். பிள்ளை குரும்பட்டியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு மெல்லச் சுற்றி வரும். குரும்பட்டியில் மெல்லிய வெள்ளைக் கோடு விழுந்து, அது பாதியாகி, முழுசாகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் டோர்ச் இருக்கிற பக்கம்தான் வெளிச்சம் விழும், முனை இரண்டும் மறுபக்கம் பார்க்கும் என்பதை நான் வாய் திறந்து சொல்லவே இல்லை. ஸஹ்லா என்ற பிள்ளை முதல் நாளே அதைக் கண்டுபிடித்துச் சத்தம் போட்டாள்.

ஸஹ்லா, நான் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற, மீன்பிடிக்கிற ஹமீதின் மகள். ஒல்லியான பிள்ளை, வாய் மட்டும் பெரிசு. கேள்வி கேட்டு முடிவதற்குள் கையைத் தூக்கி, பக்கத்துப் பிள்ளையின் கண்ணில் குத்திவிடுவாள். நோன்புக்கு முந்திய மாதங்களில் பிறை வந்த நாளெல்லாம் வாப்பாவையும் இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய், முட்டி பிடித்து அளந்து, காலையில் மணி அடிக்க முன்னமே எனக்குச் சொல்லிவிடுவாள். அவளைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை.

நோன்பு வந்தது, பள்ளிக்கூடம் விடுமுறை. இருபத்தொன்பதாம் நோன்பு திறந்து, மஃரிப் தொழுது, நான் கஞ்சிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. பள்ளிக்கூடம் இருந்த ஊரின் பள்ளிவாசலிலிருந்து அனுப்பியிருந்தார்கள்.

"டீச்சர், உங்கட வகுப்புப் புள்ள ஒண்டு பிறை கண்டிருக்கு. வாப்பாவும் அவர்ட கூட்டாளியும் கண்டிருக்காங்க. ஹாஜியார் உங்களைக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னார்."

கணவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் பிள்ளைகள் பட்டாசு கொளுத்தத் தொடங்கிவிட்டார்கள். வீடுகளில் பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்துக்கு முட்டை அடிக்கிற சத்தம் கேட்டது. நாளைக்குப் பெருநாள் என்று ஊர் தானே முடிவு செய்துகொண்டது.

வெளியூர்க்காரர் வாசித்தால் விளங்க வேண்டுமென்பதற்காகச் சொல்கிறேன். இருபத்தொன்பதாம் நாள் பின்னேரம் பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் முப்பதாவது நோன்பும் பிடிக்க வேண்டும். பிறை கண்டவர்கள் தங்கள் பள்ளிவாசலில் வந்து சொல்வார்கள். பள்ளிவாசலார் விசாரித்துக் கொழும்புக்கு அறிவிப்பார்கள். அங்கே கூடியிருக்கும் உலமாக்கள் முடிவு சொல்வார்கள். அதுவரைக்கும் நாடு முழுதும் வானொலிக்குப் பக்கத்தில் இருக்கும். அன்றைக்கு வேறு எந்த ஊரிலிருந்தும் பிறை கண்ட செய்தி வந்திருக்கவில்லை.

பள்ளிவாசலுக்குப் பக்கத்து மத்ரஸாக் கட்டிடத்தில் கூட்டம். வாசல், யன்னல் எல்லாம் தலைகள். நடுவில் ஒரு மேசை, அதற்குப் பின்னால் பள்ளித் தலைவர் ஜவ்பர் ஹாஜியார், கையில் போன். பக்கத்தில் மௌலவி. எதிரே ஹமீதும் கூட்டாளியும். அவர்களுக்கு நடுவில் ஸஹ்லா, கால் தரையில் முட்டாத உயரமான கதிரையில்.

"டீச்சர், சின்னப் புள்ளைட சாட்சியை நாங்க எடுக்கிறல்ல" என்றார் ஹாஜியார். "பெரியவங்க ரெண்டு பேரும் கண்டதாகச் சொல்றாங்க. ஆனா முதல்ல கண்டு காட்டினது இவதான். நீங்கதான் பிறை பாக்கப் பழக்கினீங்களாம். அதனால ஒருக்கா நீங்களும் கேட்டுப் பாருங்க. கொழும்புல காத்துக்கொண்டிருக்காங்க."

அன்றைய பிறை சூரியனுக்குப் பின்னால் கொஞ்ச நேரம்தான் நின்று மறையும் என்று எனக்குத் தெரியும். காண்பது மிகக் கஷ்டம். காணவே முடியாது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. எனக்குள் ஓர் ஆசையும் எழுந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நாடு முழுக்கக் காணாத பிறையை எங்கள் நான்காம் தரத்துப் பிள்ளை கண்டிருந்தால்? அந்தப் பாடத்தை இனி யாரால் அசைக்க முடியும்?

ஸஹ்லாவின் முன்னால் போய் நின்றேன். என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"வகுப்புல சொல்ற மாதிரியே சொல்லுங்க மகள். என்ன பாத்தீங்க?"

"வெள்ளையா ஒரு கோடு டீச்சர். வளைஞ்ச கோடு, மெல்லிசு."

"எங்க பாத்தீங்க?"

"சூரியன் போன இடத்துக்கு நேர மேல. முட்டி புடிச்சுப் பாத்தேன். கடலுக்கு மேல ஒரு முட்டிக்கும் குறைவு."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. பிள்ளை இவ்வளவு திருத்தமாகச் சொன்னது அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஹமீது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முனை ரெண்டும் எந்தப் பக்கம்?"

அவள் வலது கையைத் தூக்கி, உள்ளங்கையைக் குவித்து, அப்படியே கவிழ்த்துக் காட்டினாள்.

"கீழ பாத்து டீச்சர். கவுத்துப் போட்ட தோணி மாதிரி."

சூரியன் கடலுக்குக் கீழே. பிறையின் வெளிச்சம் சூரியன் பக்கம்தான் இருக்கும், முனை மேலேதான் போகும். கவிழ்ந்த பிறை என்று ஒன்று அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருக்கவே முடியாது. அவள் கண்டது ஏதோ ஒரு மேகக் கீறல், அல்லது விமானம் விட்டுப்போன புகை. அறைக்குள் இது வேறு ஒருவருக்கும் பிடிபடவில்லை. ஹாஜியார் போனில் இலக்கத்தைத் தேடத் தொடங்கிவிட்டார்.

"போதும்தானே டீச்சர்? நான் எடுக்கவா?"

தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். வெளியே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. ஸஹ்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், சரியான விடை சொன்ன பிள்ளை சரி அடையாளத்துக்குக் காத்திருப்பதுபோல.

"கொஞ்சம் பொறுங்க ஹாஜியார்" என்றேன். "ஸஹ்லா, சாமான் அறையில குரும்பட்டி வச்சுச் செய்தோமே. வெளிச்சம் எந்தப் பக்கம் விழுந்திச்சு?"

"டோர்ச் இருக்கிற பக்கம்."

"இண்டைக்கு நீங்க பாத்த நேரம் சூரியன் எங்க?"

"கடலுக்குக் கீழ."

அவ்வளவுதான் கேட்டேன். அவள் கவிழ்த்துப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். மற்றக் கையை அதற்குக் கீழே கொண்டுபோனாள். கவிழ்ந்த கையை மெல்ல நிமிர்த்தினாள், திரும்பக் கவிழ்த்தாள். அவள் வாப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், அப்ப நான் கண்டது பிறை இல்ல."

ஹமீது துள்ளி எழுந்தார். "என்ன புள்ள சொல்ற? நீ காட்டி நானும்தானே கண்டேன்! டீச்சர், நீங்க புள்ளையைக் குழப்பாதீங்க. நான் கடலுக்குப் போறவன். எத்தினை பிறையைக் கண்டவன்."

"அப்ப நீங்க சொல்லுங்க நானா. முனை எந்தப் பக்கம் இருந்திச்சு?"

அவர் கூட்டாளியைத் திரும்பிப் பார்த்தார். கூட்டாளி தரையைப் பார்த்தபடி, "ஹமீது கைகாட்டின பக்கம் நானும் பாத்தேன். கோடு ஒண்டு தெரிஞ்சது. முனை எல்லாம் ஆரு பாத்தா?" என்றார்.

யன்னல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "நோன்பு காலத்துல குடும்பத்தோட வந்து பொய் சொல்றாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஆரது? முன்னால வந்து சொல்லுங்க பாப்போம். பொய் சொல்ற புள்ள தன்ட வாயாலயே இல்லண்டு சொல்லுமா? உங்கள்ள ஒருத்தர் இந்த இடத்துல நிண்டு நான் பிழையாக் கண்டுட்டேன் எண்டு சொல்லுவீங்களா?" என்று கத்தினேன். பெண்பிள்ளை பள்ளிவாசல் வளவில் சத்தம் போடுகிறாள் என்று யாரும் சொல்ல முன், மௌலவி கையைத் தூக்கினார்.

"கண் பிழைக்கிறது பாவம் இல்ல" என்றார். "இவங்க கண்டதைச் சொன்னாங்க. பிழையெண்டு தெரிஞ்சதும் அதையும் சொன்னாங்க. இதோட இந்தக் கதை முடிஞ்சது."

ஹாஜியார் போனை மேசையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் கொழும்பிலிருந்து அறிவிப்பு வந்தது. பிறை எங்கும் தென்படவில்லை, நோன்பை முப்பதாகப் பூர்த்தி செய்யுங்கள் என்றார்கள். பட்டாசு நின்றது. ஸஹ்லா கதிரையிலிருந்து இறங்கி வாப்பாவின் கையைப் பிடிக்கப் போனாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னே நடந்தார்.

மறுநாள் பின்னேரம் ஊரே கடற்கரையில் நின்றது. பிறை தோணி போலப் படுத்து, முனை இரண்டும் மேலே பார்க்க, எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. சலவாத்துச் சொல்லிக்கொண்டு திரும்பினார்கள். ஹமீது வீட்டார் ஒருவரும் அங்கே இல்லை.

மௌலவி முடிந்தது என்றால் ஊருக்கு முடிந்துவிடுமா? பெருநாளைத் தள்ளிவைத்த டீச்சர் என்று என்னைச் சொன்னார்கள். எனக்கு அது தூசு. உடைத்த முட்டைக்கு என்னிடம் கணக்குக் கேட்டவர்களும் உண்டு, அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். ஆனால் ஹமீதுக்கு மீன்காரர் கூடுகிற வாடியில் பிறை ஹமீது என்று பட்டம் விழுந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறந்த நாளிலேயே பையன்கள் ஸஹ்லாவைக் கவுந்த தோணி என்று கூப்பிட்டார்கள். காதைத் திருகி நிறுத்தினேன். எனக்கு முன்னால்தான் நின்றது.

அந்தப் பிள்ளை அதன் பிறகு கை தூக்கவில்லை. கேட்டால் எழும்பி நிற்பாள், தெரியாது டீச்சர் என்பாள். தெரிந்ததற்கும் அதே பதில்தான்.

பள்ளிவாசல் விஷயத்தைப் பாடத்தோடு கலக்கிறார்கள் என்று யாரோ வலயப் பணிமனைக்கு முறையிட்டார்கள். யோகராசா சேர் வந்தார். வழமைபோலக் கடைசி வரிசையில் சின்னக் கதிரையில் உட்கார்ந்தார். நான் நடத்திய பாடத்தை முழுக்கப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலிருந்தே பிள்ளைகளைக் கேட்டார்.

"நேற்றுப் பின்னேரம் வானத்தில என்ன பாத்தனீங்கள்?"

முன்வரிசைப் பையனைக் காட்டினார். "ஒண்டும் பாக்கல்ல சேர்." அடுத்த பிள்ளை. "நானும் பாக்கல்ல சேர்." வரிசையாக அதே பதில் வந்தது. முதல் நாள் பின்னேரம் பிறையும் பக்கத்தில் ஒரு பெரிய வெள்ளியும் பளிச்சென்று நின்றதை நானே பார்த்திருந்தேன். இந்தப் பிள்ளைகள் அந்த நேரம் கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். ஸஹ்லாவின் முறை வந்தபோது அவள் நிற்கக்கூட இல்லை, தலையை மட்டும் ஆட்டினாள்.

வெளியே வந்து மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றார் சேர்.

"பாடத்தை இந்த வருசம் நிப்பாட்டி வைப்பம்" என்றார்.

"பாடத்துல என்ன பிழை சேர்? அந்தப் புள்ள செய்ததுதானே பாடம்! ஊருக்கு முன்னால தன்ட பிழையைத் தானே கண்டுபிடிச்சா. இதைவிட வேற என்ன வேணும்?" எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபத்தில்.

அவர் தலைக்கவசத்தைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"பாடத்தில பிழை இல்லை டீச்சர். நான் ஒண்டு கேக்கிறன். அந்தப் பிள்ளை அதுக்குப் பிறகு வானத்தை நிமிந்து பாத்தவவோ?"

அவர் போய்விட்டார். அன்றைக்கே பின்னேரம் ஹமீதைத் தேடிப் போனேன். வாடியடியில் மீன் வைக்கிற ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சலாம் சொன்னேன். பதில் சலாம் வந்தது, முகம் திரும்பவில்லை.

"நானா, ஸஹ்லா வகுப்புல கதைக்கிறல்ல."

"வீட்டுலயும்தான் கதைக்கிறல்ல. பின்னேரமானா வெளிய வாறதும் இல்ல." ஐஸில் ஓங்கி ஒரு அடி. "டீச்சர், நான் பொய் சொல்லல்ல."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும்தானே என்னைக் கேட்டீங்க."

"கேக்காம விட்டிருந்தா ஊர் முழுக்க ஒரு நோன்பை விட்டிருக்கும் நானா. பிறகு தெரிய வந்தா அது ஆர்ட தலையில விழும்? உங்கட மகள்ட தலையில."

"இப்ப மட்டும் ஆர்ட தலையில விழுந்திருக்கு?" என்றார். அடுத்த ஐஸ் கட்டியை எடுத்தார். நான் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும், இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன். சரியாக இருந்தும் தோற்றுப்போன ஆள் மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் என்னை ஆசிரிய ஆலோசகராக எடுத்தார்கள். பல பள்ளிக்கூடங்களுக்குப் போய்வர வேண்டிய வேலை. ஸஹ்லா ஐந்தாம் தரத்துக்குப் போய்விட்டாள். புலமைப்பரிசில் வகுப்பு, வாய் திறக்காத பிள்ளை நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்திருந்தாள். பாடம் நிறுத்தியபடி நிறுத்தியே கிடந்தது. நோன்பு வந்தது.

இருபத்தொன்பதாம் நாள். மஃரிப் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. ஹமீது. வாடியடியில் பேசிய பிறகு என்னோடு சலாமுக்கு மேல் ஒரு சொல் கதைக்காத மனிதர்.

"டீச்சர், ரெண்டு பொடியன்மார் பிறை கண்டதாக வந்து நிக்கிறாங்க. பள்ளியில ஒரே சனம். ஹாஜியார் மகளை அனுப்பச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கார்."

"அவளை எதுக்கு நானா?"

"அவங்களைக் கேள்வி கேக்கவாம். போன வருஷம் பிழையெண்டு தெரிஞ்சதும் பிழையெண்டு சொன்ன முதல் ஆள் இவதானாம். இவ கேட்டா நம்பலாம் எண்டு மௌலவி சொல்றார்." மூச்சு வாங்கினார். "அவ இண்டைக்குக் கடற்கரைக்கு வந்தா டீச்சர். நான் கூப்பிடல்ல, தானா வந்தா. முட்டி எல்லாம் புடிச்சுப் பாத்தா. தனக்கு ஒண்டும் தெரியல்ல எண்டுதான் சொல்றா. இப்ப அனுப்பவா, வேணாமா? அதே மாதிரி இன்னொருக்கா ஆனா என்ட புள்ள தாங்காது. நீங்க சொல்லுங்க."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அந்த மத்ரஸா அறை கண்ணுக்குள் வந்தது, யன்னல் நிறையத் தலைகள், உயரமான கதிரை. போக வேண்டும் என்றும் ஒரு மனம் கிடந்து துடித்தது. இரண்டையும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"அவளைக் கேட்டீங்களா நானா?"

போன் கைமாறுகிற சத்தம். ஸஹ்லாவின் குரல் கொஞ்சம் கனத்திருந்தது.

"டீச்சர், நான் போறேன். ஆனா ஆக்களுக்கு முன்னால வச்சுக் கேக்க மாட்டேன். வாப்பாவும் மௌலவியும் மட்டும் இருக்கணும். அவங்களை ஒவ்வொருத்தரா உள்ள கூப்பிட்டுத்தான் கேப்பேன்."

சொல்லிவிட்டு என் பதிலுக்கு நிற்காமல் போனை வாப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.

"டீச்சர்? டீச்சர், இருக்கிறீங்களா?" என்று ஹமீது கேட்டுக்கொண்டே இருந்தார். இருந்தேன்.

"அவ சொல்ற மாதிரியே செய்யுங்க நானா" என்றேன் கடைசியில்.